மடியில் கனமும் வழியில் பயமும்

"மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயம் எதற்கு, ஹஜ்ரத்?" என்று சென்ற மாதம் ஒருநாள் இஷாத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் ஒரு பெரியவர் நம்மை வினவினார். நெல் வாணிகத்தில் நரை கண்டவர், ஜமாஅத்தில் மதிப்புடையவர், நம்மிடம் அன்புள்ளவர். அவர் கேட்ட தொனியில் பகையில்லை. அதனாலேயே அக்கேள்வி நம்மை அன்றிரவு உறங்கவிடவில்லை. பகைவன் கேட்டிருந்தால் மறுநாளே மறந்திருப்போம்.

கேள்வி எழுந்த வரலாறு இது. நம்மிடம் மீஸான் தொடங்கி ஓதிப் பின்னர் வெளியூர் அரபுக் கல்லூரியில் சேர்ந்த மாணவர் ஒருவர், வயது பத்தொன்பது, விடுமுறைக்குத் திருவிடைமருதூர் திரும்பும் வழியில் ஒரு பெருநகரில் இரவு வண்டியை விட்டிறங்கினார். உறவினர் வீடு அரை மைல் தொலைவு. ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடிக்கலாமென்று நடந்தார். தலையில் தொப்பி, மேலே ஜிப்பா, தோளில் பை. மோட்டார் சைக்கிளில் வந்த காவலர் இருவர் அவரை நிறுத்தினர். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், யார் வீட்டுக்கு, பையில் என்ன? பதில் சொல்லி முடிக்குமுன் பை நடைபாதையில் கவிழ்க்கப்பட்டது. இரண்டு கைலி, ஒரு துண்டு, தாய்க்கென வாங்கிய பேரீச்சம்பழப் பொட்டலம், அதன்மேல் ஒரு கிதாபு.

"இது என்ன எழுத்து?"

"அரபு, சார்."

"இதில் என்ன எழுதியிருக்கிறது?"

"இலக்கணம், சார்."

அவர்கள் நம்பவில்லை. அது இப்னு மாலிக்கின் அல்ஃபிய்யா. அரபு இலக்கணத்தை ஆயிரம் அடிகளில் அடக்கிய நூல். தமிழ்நாட்டு மத்ரஸாக்களில் ஓதிய எவரும் அதன் வேற்றுமைகளோடும் விதிவிலக்குகளோடும் மல்லாடாமல் வெளியே வந்ததில்லை. அதைக் கண்டு அஞ்சவேண்டியவர்கள் மாணவர்களே அன்றிக் காவலர்கள் அல்லர்! ஆயினும் அதன் ஏடுகள் படமெடுக்கப்பட்டன. கைபேசியை வாங்கி, தாயும் தமக்கையும் அனுப்பிய செய்திகளையெல்லாம் ஒருவர் படித்தார். முக்கால் மணி நேரம் சென்றபின் "போ" என்றனர். ஏன் நிறுத்தினோம் என்று அவர்கள் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. "கேட்டால் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்தேன், ஹஜ்ரத்" என்றார் நம்மிடம்.

அந்நகரின் பெயரையோ காவல் நிலையத்தின் பெயரையோ நாம் இங்கே எழுதப்போவதில்லை. நம் வழக்கு அவ்விரு காவலரோடு அன்று. திண்ணையில் எழுந்த அந்தக் கேள்வியோடுதான்.

முதலில் பழமொழியையே எடுத்துக்கொள்வோம். மடி என்பது இடுப்பு வேட்டியின் மடிப்பு. கும்பகோணத்துச் சந்தையில் நெல் விற்ற பணத்தை முடிந்துகொண்டு, இருட்டுமுன் ஊர் சேரவேண்டுமே என்று காவிரிக் கரையில் விரைந்து நடந்தவனின் மடியில் கனம் இருந்தது. அந்தக் கனம் பொருள், பாவம் அன்று. அவன் அஞ்சியது வழிப்பறிக் கள்வனுக்கு. ஆக, பழமொழியில் வழிமறிப்பவன் திருடன். மறிக்கப்படுபவன் உழைத்துப் பொருள் ஈட்டியவன். இதனைக் காவலர் சோதனைக்குப் பொருத்திப் பேசுகிற நம் பெரியவர், தம்மையறியாமலே காவலரைக் கள்வரின் இடத்தில் நிறுத்திவிடுகிறார். அந்த அவமதிப்பை நாம்கூடக் காவல்துறைக்குச் செய்யத் துணியோம்.

இன்னொன்றும் உண்டு. கனமில்லையேல் பயமில்லை என்பது பழமொழியின் வாக்கு. நம் மாணவரிடம் கனமில்லை. இருந்தது இலக்கண நூல். பயமோ இருந்தது, இன்றும் இருக்கிறது. பழமொழி பொய்த்த இடத்தில் பையனைக் குற்றம் சொல்வது எவ்வகை நியாயம்?

இவ்வூரில் வாழ்ந்துகொண்டு இக்கேள்வியை எவரும் எளிதாகக் கேட்டுவிட முடியாது. மகாலிங்கசுவாமி கோயிலின் கிழக்கு வாயிலில் பட்டினத்தாரும் மேற்கு வாயிலில் பத்திரகிரியாரும் இருந்ததாக வழங்கும் கதையை நம் மஹல்லாவின் பிள்ளைகளும் கேட்டே வளர்கிறார்கள். கதை நம் மார்க்கத்தைச் சேர்ந்ததன்று. ஆயினும் ஊர் நம்முடையது. வடக்கே உச்சயினியில், அரண்மனையில் களவு செய்த திருடர் தம் வேண்டுதலுக்காக ஓர் ஆரத்தை இருளில் பிள்ளையார் கோயிலுக்குள் எறிந்தனராம். அது அங்கே தியானத்திலிருந்த துறவியின் கழுத்தில் விழுந்தது. துரத்தி வந்த காவலர் கண்டது என்ன? கந்தை அணிந்த பரதேசி. கழுத்தில் அரச ஆரம். விசாரணை எதற்கு? அரசன் கழுவேற்றச் சொன்னான். கழுமரம் தீப்பற்றி எரிந்தது. அரசன் நடுங்கி அரியணையை விட்டு அவர் பின்னே நடந்தான். அவனே பத்திரகிரியார்.

இக்கதையைச் சொல்லுவோர் கழுமரம் எரிந்ததையே வியந்து சொல்லுவர். நமக்கு வியப்பு வேறிடத்தில். ஊரற்றவன், உடையற்றவன் என்ற தோற்றமே சான்றாகக் கொள்ளப்பட்டது. தவறு தெரிந்ததும் ஆண்டவன் ஒருவன் வெட்கினான். அத்தகைய வெட்கத்தை இன்று எந்த அலுவலகத்தில் தேடுவது? கழுமரமும் எல்லாருக்கும் எரிந்துவிடுவதில்லை.

கோவலனுக்கு எரியவில்லை. புகாரிலிருந்து மனைவியோடும் கவுந்தியடிகளோடும் இந்தக் காவிரி நாட்டு வழியே நடந்து மதுரை புகுந்தவன் அவன். விற்கக் கொண்டுசென்ற சிலம்பு அவன் மனைவியுடையது. கொலைக்களக் காதையைக் கூர்ந்து படித்தவர் ஒன்றை மறக்கமாட்டார்: அனுப்பப்பட்ட காவலருள் ஒருவர்க்கு ஐயம் எழுகிறது, இவன் தோற்றம் கள்வனுடையதாக இல்லையே என்கிறார். உடனே பொற்கொல்லன் களவு நூல் பேசுகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று எட்டினைக் கள்வர்க்குத் துணையாக அடுக்குகிறான். அதன்பின் கோவலன் எப்படித் தோன்றினாலும் கள்வனே. அமைதியாக நின்றால் மந்திரம் கற்றவன். நல்லவனாகத் தெரிந்தால் தந்திரம் வல்லவன். கல்லாத காவலன் ஒருவன் வாளை வீசினான். உண்மைக் கள்வனோ காவலர் பக்கத்தில் நின்று கை காட்டிக்கொண்டிருந்தான். சந்தேகம் ஒரு சாத்திரமாகிவிட்டால் அதிலிருந்து தப்பும் வழி எந்த முகத்துக்கும் இல்லை என்பதைத் தமிழன் அன்றே எழுதி வைத்தான். தொப்பிக்கும் தாடிக்கும் அரபு எழுத்துக்கும் இன்று சிலர் எழுதிக்கொள்ளும் சாத்திரம் அந்தப் பொற்கொல்லனுடையதிலிருந்து எவ்வளவு தூரம்?

இனிச் சட்டத்துக்கு வருவோம். ஓதிக்கொடுக்கும் மனிதனுக்குச் சட்டம் எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். பிக்ஹு ஓதியவனுக்குச் சட்டம் அந்நியமன்று. அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு இந்தியக் குடிமகன் நாடெங்கும் தடையின்றி நடமாடும் உரிமையைத் தருகிறது. நியாயமான கட்டுப்பாடு உண்டு, ஆனால் அது சட்டத்தால் வரவேண்டும். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 35-ஆம் பிரிவு ஆணையின்றிக் கைது செய்யும் அதிகாரத்தைக் காவலர்க்குக் கொடுக்கும்போதே நியாயமான புகார், நம்பத்தகுந்த தகவல், நியாயமான சந்தேகம் என்பவற்றைப் பற்றிப் பேசுகிறது. கைது செய்யப்பட்டவரைச் சோதிக்கலாம் என்பது 49-ஆம் பிரிவு. வீதியில் நடக்கும் எவரையும் காரணமே இல்லாமல் நிறுத்திப் பையைக் கவிழ்க்கலாம் என்ற பொதுப் பிரிவு அதில் இல்லை. காவலரின் சட்டப்படியான கட்டளைக்கு இணங்கவேண்டும் என்று 172-ஆம் பிரிவு சொல்வது உண்மை. சட்டப்படியான என்ற சொல்லை விட்டுவிட்டு அதைப் படிப்பவர்கள் ஆயத்தின் பாதியை ஓதி மீதியை விழுங்குகிறவர்களுக்கு ஒப்பாவர்.

போதைப்பொருள் தேடுகிறோம் என்பது இன்று அடிக்கடி சொல்லப்படும் காரணம். தேடட்டும், அந்நஞ்சு நம் தெருப் பிள்ளைகளையும் தொட்டிருக்கிறது. ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமும் பொதுவிடத்தில் சோதிக்க நம்பத்தக்க காரணம் வேண்டும் என்கிறது. அதன் 50-ஆம் பிரிவின்படி, உடலைச் சோதிக்கப்படுபவர் அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியின் முன்னோ மாஜிஸ்திரேட்டின் முன்னோ தம்மைக் கொண்டுபோகச் சொல்லலாம். அந்த உரிமையை அவருக்கு எடுத்துச் சொல்வது காவலரின் கடமை என்று உச்சநீதிமன்ற அரசியல் சட்ட அமர்வு 1999-இல் பல்தேவ் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. நம் ஊரில் எத்தனை தந்தையர் இதை அறிவர்? ஐதராபாத்தில் 2021 அக்டோபரில் வீதியில் செல்வோரை நிறுத்தி, அவர்தம் கைபேசி உரையாடல்களில் கஞ்சா என்ற சொல்லைக் காவலர் தேடிய காட்சி நாடெங்கும் பரவிற்று. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்புக் கூறி அப்போது நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன.

அந்த 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு விதையூன்றியவர் நீதிபதி சுப்பா ராவ். 1962-இல் கரக் சிங் வழக்கில், போலீஸ் தன் நிழலைப்போல் ஒருவனைத் தொடர்ந்துகொண்டிருக்குமாயின் அவன் கால்கள் நடந்தாலும் அது சுதந்திர நடமாட்டம் ஆகாது என்ற கருத்தைச் சிறுபான்மைத் தீர்ப்பாக எழுதிவைத்தார். அது பெரும்பான்மையின் வாக்காக மாற ஐம்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன.

தமிழ் மண்ணுக்கு இது புதிய நோயும் அன்று. ஆங்கிலேயர் 1871-இல் வடக்கே கொண்டுவந்து 1911-க்குப் பின் சென்னை மாகாணத்திலும் நடைமுறைப்படுத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் முதியோர் ரேகைச் சட்டம் என்பர். ஒரு சாதியில் பிறந்ததே குற்றம், கைரேகை பதியவேண்டும், இரவில் காவல் நிலையத்துக்கு வந்து படுக்கவேண்டும், வெளியூர் போக ராத்திரிச் சீட்டு வேண்டும். அதை எதிர்த்ததற்காக 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் மதுரைச் சீமையின் பெருங்காமநல்லூரில் துப்பாக்கி முழங்கிற்று. 1947-இல்தான் சென்னை மாகாணம் அச்சட்டத்தை நீக்கியது. அன்றும் திண்ணைகளில் நல்ல மனிதர்கள் அமர்ந்து, அவர்கள் திருடாதிருந்தால் ரேகை வைக்க என்ன பயம் என்று கேட்டிருப்பார்கள். அன்று ரேகை வைத்தவர்கள் நாமல்லர். அதனால் அக்கேள்வியின் கொடுமை நமக்கு உறைக்கவில்லை.

சோதித்தால் குற்றம் குறையுமே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கைக் காட்டுவோம். நியூயார்க் நகரக் காவல்துறை 2004 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை வீதியில் செல்வோரை நிறுத்தியது 44 இலட்சம் முறை. நிறுத்தப்பட்டோரில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் கறுப்பரும் ஹிஸ்பானியரும். பாதிக்கு மேற்பட்டோரின் உடலைத் தடவிச் சோதித்தனர். அவ்வாறு சோதித்தவற்றுள் ஆயுதம் கிட்டியது நூற்றுக்கு ஒன்றரை. நிறுத்தப்பட்டோரில் நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பேர் மேல் நடவடிக்கை ஏதுமின்றி அனுப்பப்பட்டனர். இவையெல்லாம் 2013 ஆகஸ்டு 12-இல் அந்நடைமுறை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்த மன்றத்தின் ஏட்டில் உள்ளவை. அங்கே ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் காவலர் ஒரு படிவம் நிரப்பவேண்டியிருந்தது. அதனால் கணக்குக் கிடைத்தது. நம் மாணவர் நிறுத்தப்பட்டதற்கு எங்கே படிவம்? அந்த முக்கால் மணி நேரம் எந்த ஏட்டிலும் இல்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு அருகிலுள்ளதை மறைத்தால் நம் பேனா நாணயமற்றதாகிவிடும். 2019 பிப்ரவரியில், இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள திருபுவனத்தில், ஒரு மனிதர் இரவில் வெட்டிக் கொல்லப்பட்டார். பகலில் மதமாற்றம் குறித்து எழுந்த வாக்குவாதத்தின் தொடர்ச்சி என்பது வழக்கு. தேசியப் புலனாய்வு முகமை விசாரணையை ஏற்றது. நம் சமூகத்தவர் பலர் அதில் குற்றம் சாட்டப்பட்டனர். அக்கொலையை நியாயப்படுத்தும் நாவு முஸ்லிமின் நாவன்று. பட்டு நெய்யும் அவ்வூரில் பாவும் ஊடுமாய் வாழ்ந்த மக்களுக்கிடையே அது கிழித்த கிழிசல் இன்னும் தைக்கப்படவில்லை. கொலையாளியைத் தேடுவது காவல்துறையின் கடமை. தேடாவிட்டால் நாமே கேட்போம். ஆனால் தேடப்படுகிறவனைப்போல் தொழுகிற அனைவரையும் தேடுவது வேறு வேலை. கோவை கோட்டைமேட்டில் 1990-களில் தம் தெருவுக்குள் நுழையவே சாவடியில் சோதனைக்கு நின்றவர்களுள் பால் வாங்கச் சென்றவரும் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. ஆயிரம் குற்றமற்றவர்களைத் தடவிப் பார்க்கும் கை, குற்றவாளியைப்பற்றித் துப்புச் சொல்ல வரக்கூடிய ஆயிரம் வாய்களை அடைத்துவிடுகிறது. இதை அனுபவமுள்ள காவல் அதிகாரிகள் நம்மைவிட நன்கறிவர்.

அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் வல்ல இறைவன் மிகுதியான சந்தேகத்தையும் துருவித் துருவி ஆராய்வதையும் ஒருசேரத் தடுத்திருக்கிறான். ஆட்சியிலிருப்பவர் மக்களிடம் சந்தேகத்தையே தேடப் புகுந்தால் அவர்களைக் கெடுத்துவிடுவார் என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் மதீனாவில் இரவு உலா வருகையில் ஒரு வீட்டுச் சுவரேறி உள்ளே குதித்து, மதுவோடிருந்தவனைக் கையும் மெய்யுமாகப் பிடித்த செய்தியை இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் எடுத்தாள்கிறார்கள். பிடிபட்டவன் என்ன சொன்னான்? நான் செய்தது ஒரு குற்றம், அமீருல் முஃமினீன் அவர்களே, நீங்கள் செய்தது மூன்று. துருவிப் பார்த்தீர்கள், வாசலை விட்டுச் சுவர் வழியே வந்தீர்கள், அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைந்தீர்கள் என்றான். உமர் (ரலி) அவனை விட்டுச் சென்றார்கள். இங்கே கவனிக்கவேண்டியது, அவன் மடியில் கனம் இருந்தது! இருந்தும் அவன் கேட்டான். கலீஃபா பதில் சொல்லக் கடமைப்பட்டார்கள். கனமே இல்லாத நம் பிள்ளை கேட்க அஞ்சுகிறான். கேட்கவேண்டாமென்று நாமும் பழமொழி சொல்லிக்கொடுக்கிறோம்.

நம்மவர்க்கும் ஒரு சொல். சென்ற அறுவடைக் காலத்தில் நம் தெருவில் போர்வை விற்க வந்த வடநாட்டு இளைஞன் ஒருவனை நம் வாலிபர் நால்வர் மறித்து, ஆதார் அட்டையைக் காட்டு, மூட்டையை அவிழ் என்று அதட்டியதை நாம் கண்ணால் கண்டோம். அவனும் மடியில் கனமில்லாதவன்தான். 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூர்ப் பக்கம், கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார் என்பதற்காகப் பிள்ளை பிடிப்பவர் என்று ஊரார் அடித்தே கொன்றனர். அவர்கள் காக்கி அணிந்தவர்கள் அல்லர். நம் தெருவில் அந்நியனை மறிக்கும் உரிமையை நாமே எடுத்துக்கொண்டு, பிறர் தெருவில் நம் பிள்ளையை மறிக்காதே என்று கேட்க எந்த முகத்தோடு போவது? அன்று அந்நால்வரையும் கடிந்துகொண்டோம். போர்வைக்காரனிடம் மன்னிப்புக் கேட்கச் செய்தோம். அவர்களுக்கு நம்மேல் இன்னும் வருத்தம்.

பெரியவரிடம் மறுநாள் இவற்றையெல்லாம் கூறினோம். முழுதும் கேட்டார். "அப்படியானால் போலீஸ்காரரோடு சண்டை போடச் சொல்லுகிறீர்களா?" என்றார். சண்டை வேண்டாம், ஓட வேண்டாம், கையை ஓங்க வேண்டாம். எந்தக் காரணத்துக்காக நிறுத்தினீர்கள் ஐயா என்று மரியாதையாகக் கேட்கலாம். சட்டையிலுள்ள பெயரையும் இடத்தையும் நேரத்தையும் மனத்தில் குறித்துக்கொள்ளலாம். வீடு சேர்ந்ததும் எழுதிவைக்கலாம். வட்டந்தோறும் இலவசச் சட்ட உதவிக் குழு 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இருக்கிறது. சென்னையில் மாநில மனித உரிமை ஆணையம் இருக்கிறது. ஜமாஅத்தில் நிக்காஹ் பதிவேடு வைத்திருப்பதுபோல் இதற்கும் ஒரு பதிவேடு வைப்பதில் என்ன செலவு? பிறசமயத்துப் பிள்ளை நிறுத்தப்பட்டாலும் அதே ஏட்டில் எழுதுவோம் என்றோம். அவர் விடை சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான்கு நாள் கழித்துப் பஜ்ருக்குப் பின் மெல்ல அருகில் வந்தார். "ஹஜ்ரத், அந்தப் பிரிவுகளின் எண்ணையெல்லாம் ஒரு தாளில் தமிழில் எழுதித் தாருங்கள். பேரன் அடுத்த மாதம் சென்னைக்குப் படிக்கப் போகிறான்" என்றார். சட்டைப் பையில் மடித்து வைக்கிற அளவுக்குச் சிறியதாக எழுதிக் கொடுத்தோம்.